பானையை இறக்கி வைப்பதும் வளர்ப்புதான்

கூண்டுப் பறவைகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

"நன்றாக முட்டையிட்டுக்கொண்டிருந்த பெட்டை ஒரே நாளில் செத்துவிட்டது. ஏன்?"

ஆவடியை அடுத்த பட்டாபிராமிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டு மொட்டை மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கொட்டகையில் மூன்று ஜோடி லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறார்கள். பள்ளியில் படிக்கும் மகள் ஆசைப்பட்டாள் என்று வாங்கியவை. பிறகு குஞ்சுகளைக் கடைக்குக் கொடுத்ததில், மகளின் நோட்டுப் புத்தகச் செலவுக்கு ஆகும் அளவு காசும் வந்திருக்கிறது.

அவற்றில் ஒரு நீல நிறப் பெட்டை, போன ஆவணியில் தொடங்கி ஓயாமல் முட்டையிட்டது. நான்கு அடை குஞ்சு எடுத்தாகிவிட்டது. ஐந்தாவது அடைக்கு மூன்று முட்டை இட்ட பிறகு, சித்திரை மாதத்தில் ஒரு நாள் காலை, கூண்டின் தரையில் இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வாலை மேலும் கீழும் ஆட்டியது. வெயில் தாங்கவில்லை என்று நினைத்துத் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் உயிர் போய்விட்டது.

வேறு பெட்டை வாங்கி உடனே ஜோடி சேர்த்துவிடலாம் என்கிறார் கணவர். மகளோ மூன்று கூண்டிலும் இருந்த பானைகளைக் கழற்றி வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறார் வாசகி.

மகள் சொல்வதுதான் சரி. அடையாளங்களைப் பார்த்தால், முட்டை உள்ளேயே சிக்கிக்கொண்டதுதான் காரணமாகத் தெரிகிறது. கோழி வளர்ப்பவர்களுக்கும் இது தெரிந்த நோய்தான். கோழிக்கு எப்போதாவது வருவது, ஓய்வில்லாமல் முட்டையிடும் சின்னப் பறவைக்கு அடிக்கடி வருகிறது.

ஓயாமல் இட்டது ஏன்?

கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கப்படுவது பெரும்பாலும் பட்ஜீஸ் என்னும் ஆஸ்திரேலியச் சிறுகிளி. 1840-ல் ஜான் கூல்டு என்ற பறவை ஆய்வாளர் இவற்றை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அதன் பிறகுதான் இவை வீட்டுக் கூண்டுகளுக்கு வந்தன.

இவற்றின் சொந்த இடம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. அங்கே மழை எப்போது பெய்யும் என்று சொல்ல முடியாது. மழை பெய்து புல் விதை பிடித்தால்தான் குஞ்சுக்கு இரை உண்டு. அதனால் மழை கண்டதும் ஜோடிகள் மரப்பொந்து தேடி முட்டையிடும். மழை இல்லையென்றால் பொந்துப் பக்கமே போகாமல் கூட்டமாக இடம் மாறிவிடும். இட வேண்டிய காலம், இடக் கூடாத காலம் இரண்டையும் அங்கே வானம்தான் சொல்கிறது.

கூண்டில் என்ன நடக்கிறது? கிண்ணத்தில் தினை குறைவதில்லை. தண்ணீர் குறைவதில்லை. இருட்டான மண் பானை பன்னிரண்டு மாதமும் தொங்குகிறது. பெட்டையின் உடம்புக்கு இது முடியாத மழைக்காலம். அது இட்டுக்கொண்டே இருக்கும். "தானாகத்தானே இடுகிறது, தாங்குவதால்தானே இடுகிறது" என்று வளர்ப்பவர் நினைத்துவிடுகிறார். தாங்காது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும்.

ஒரு பட்ஜீஸ் பெட்டையின் எடை 30 முதல் 35 கிராம். ஒரு முட்டை சுமார் 2 கிராம். ஒன்றரைக் கிலோ நாட்டுக்கோழி 40 கிராமில் ஒரு முட்டை இடுகிறது. உடல் எடையோடு ஒப்பிட்டால், பட்ஜீஸின் ஒரு முட்டை கோழியின் முட்டையைவிட இரண்டு மடங்கு பாரம். பட்டாபிராம் பெட்டை, அடைக்கு ஐந்து முட்டை என்று வைத்தாலும், எட்டு மாதத்தில் 23 முட்டை இட்டிருக்கும். அதாவது தன் எடையைவிட அதிகமான முட்டை. இடையில் இருபது குஞ்சுகளுக்கு இரையைக் கக்கி ஊட்டும் வேலை வேறு.

முட்டை ஓடு பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்துதான். தீனியில் அது போதவில்லை என்றால் பெட்டை தன் எலும்பிலிருந்து எடுத்து ஓடு கட்டும். எலும்பிலும் குறைந்துவிட்டால் ஓடு தோல் போல மெலிந்துவிடும். முட்டையை வெளியே தள்ளும் தசைக்கும் இதே சத்துதான் பலம். மெலிந்த ஓட்டு முட்டையும் தள்ள முடியாத தசையும் சேர்ந்தால் முட்டை வழியில் நின்றுவிடும். வெறும் தினை மட்டுமே தீனி, வெயில் படாத கூண்டு, வயது குறைந்த பெட்டை, கொழுப்பு வைத்த பெட்டை, கடும் வெயில் அல்லது குளிர் ஆகியவையும் இதற்குத் துணை போகும்.

முட்டை சிக்கியது என்று எப்படித் தெரியும்?

பெட்டை தரையில் அல்லது கூண்டு மூலையில் உப்பிக்கொண்டு உட்காரும். மூச்சுக்கு மூச்சு வால் ஆடும். முக்கும். கால் பலமில்லாமல் குச்சியைப் பிடிக்க முடியாது. வயிற்றின் அடிப்பகுதி வீங்கியிருக்கும். எச்சம் வராது, வந்தாலும் பெரிய கட்டியாக வரும்.

இப்படிக் கண்டால் செய்ய வேண்டியவை:

- பெட்டையை மட்டும் தனியாக, சத்தமில்லாத இடத்தில், துணி விரித்த சின்னப் பெட்டியில் வைக்க வேண்டும்.
- பெட்டிக்குள் 30 முதல் 32 டிகிரி வரை வெதுவெதுப்பு தேவை. மார்கழி, தை மாதங்களில் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் 40 வாட் குண்டு பல்பு போட்டால், சூடு அதிகமானால் மறுபக்கம் நகர இடம் இருக்கும். சித்திரை, வைகாசியில் அறையே அந்தச் சூட்டில் இருக்கும், பல்பு வேண்டாம்.
- பக்கத்தில் வெந்நீர்க் கிண்ணம் அல்லது ஈரத்துணி வைத்து, காற்றில் ஈரம் இருக்கச் செய்ய வேண்டும். பறவை மேல் தண்ணீர் தெளிக்கக் கூடாது.
- வயிற்றை அமுக்கக் கூடாது. முட்டையை உடைத்து எடுக்க முயலக் கூடாது. உள்ளே உடைந்தால் ஓடு குடலையும் கருப்பாதையையும் கிழித்துவிடும்.
- ஓரிரு மணி நேரத்தில் முட்டை வரவில்லை என்றால், அல்லது பெட்டை சோர்ந்து விழுந்தால், மருத்துவரிடம் போய்விட வேண்டும். கால்சியம் ஊசி நேரத்தில் கிடைத்தால் பல பெட்டைகள் பிழைக்கின்றன.

பக்கத்து கால்நடை மருந்தகத்தில் பறவை பார்ப்பார்களா என்பதை இன்றே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. பெரிய மருத்துவமனை வேண்டுமென்றால், வேப்பேரியில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. ஆவடி, அம்பத்தூர்ப் பக்கத்திலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ் நிலையத்தில் இறங்கினால், அங்கிருந்து ஆட்டோவில் போய்விடலாம். பறவையைக் கூண்டோடு தூக்கிப் போகாமல், காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டியில், துணி விரித்துக் கொண்டுபோக வேண்டும்.

மிச்சமிருக்கும் ஆண், மூன்று முட்டை, மற்ற ஜோடிகள்

பட்ஜீஸில் அடைகாப்பது பெட்டை மட்டுமே. ஆண் அடைகாக்காது. ஐந்தாவது அடையின் முட்டைகளை, ஓரிரு நாள் வித்தியாசத்தில் முட்டையிட்ட வேறு பெட்டை இருந்தால் அதன் பானையில் வைக்கலாம். அதிகம் வைத்தால் அந்தப் பெட்டைக்குப் பாரம். இல்லையென்றால் விட்டுவிட வேண்டியதுதான். நான்காவது அடைக் குஞ்சுகள் இறகு முளைத்து வெளியே வரும் நிலையில் இருந்தால் கவலை வேண்டாம், ஆண் ஊட்டும்.

புதுப் பெட்டை வாங்குவதில் தவறில்லை. ஆனால் வாங்கியதும் ஒரு மாதம் தனிக் கூண்டில், தனி அறையில் வைத்துப் பார்க்க வேண்டும். கடைக் கூண்டில் நோய் வாங்கிய பறவை மற்றவற்றுக்கும் கொடுத்துவிடும். அதற்குப் பத்து மாதமாவது ஆகியிருக்க வேண்டும். ஒரு வயது முடிந்தால் இன்னும் நல்லது. குஞ்சுப் பருவத்தில் நெற்றி வரை வரும் கோடுகள் மறைந்திருந்தால் நான்கு மாதம் தாண்டியது என்று மட்டுமே பொருள். அது முட்டை வைக்கும் வயது அல்ல.

மற்ற இரண்டு ஜோடிகளிலும் இப்போதுள்ள குஞ்சுகள் வெளியே வந்ததும் பானையை இறக்கிவிட வேண்டும். பானை இல்லாவிட்டாலும் சில பெட்டைகள் தீனிக் கிண்ணத்திலேயே முட்டை வைக்கும். அப்படியானால் ஆண்களை ஒரு கூண்டிலும் பெண்களை ஒரு கூண்டிலும் பிரித்து விடுவதுதான் வழி. பிரித்தால் ஏங்கிவிடும் என்று தயங்க வேண்டாம். இவை கூட்டமாக வாழும் பறவைகள். ஆணோடு ஆணும் பெண்ணோடு பெண்ணும் சேர்ந்து இருந்துகொள்ளும்.

எப்போது பானை தொங்கவிடலாம்?

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பகுதிகள் கடலிலிருந்து தள்ளி இருக்கின்றன. கடற்காற்று மெரினாவுக்கு வந்து வெகுநேரம் கழித்துத்தான் இங்கே எட்டும். சித்திரை, வைகாசியில் தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட மாடிக் கொட்டகை பகலில் அடுப்பாகிவிடும். அந்த வெயிலில் பானைக்குள் அடைகாக்கும் பெட்டை வாயைத் திறந்து மூச்சு வாங்கும், குஞ்சு ஓட்டுக்குள்ளேயே சாகும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. தினையில் பூஞ்சணம் பிடிக்கும், கூண்டு நனையும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டை வரை தண்ணீர் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் காலம்தான் நல்ல காலம். கார்த்திகைக் கடைசியில் பானை கட்டினால், பங்குனி முடிவதற்குள் இரண்டு அடை எடுத்துவிடலாம். முதல் முட்டையிலிருந்து கடைசிக் குஞ்சு பானையை விட்டு வெளியே வர இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் ஆகும். வருடத்துக்கு இரண்டு அடை போதும். மூன்றாவது அடைக்கு முட்டை தெரிந்தாலும், குஞ்சுகள் வெளியே வந்த அன்றே பானையை இறக்கிவிட வேண்டும்.

இந்தக் கணக்கில் இன்னொரு நன்மை உண்டு. தீபாவளி வெடிச் சத்தத்தில் பெட்டைகள் மிரண்டு பானையை விட்டு ஓடி முட்டை குளிர்ந்துபோவது வழக்கம். கார்த்திகைக் கடைசியில் தொடங்கினால் தீபாவளி முடிந்திருக்கும். போகி மட்டும் நடுவில் வரும். பறவையின் நுரையீரல் புகையைத் தாங்காது. போகியன்று விடியற்காலையில் கூண்டை வீட்டுக்குள் எடுத்து ஜன்னலை மூடிவிட வேண்டும். கொசுவத்திச் சுருள், சாம்பிராணி, அடுப்பில் காய்ந்து தீய்ந்த நான்-ஸ்டிக் பாத்திரத்தின் ஆவி ஆகியவையும் கூண்டுப் பக்கம் வரக் கூடாது. கடைசியாகச் சொன்னது சில நிமிடங்களில் கூண்டையே காலி செய்துவிடும்.

பானை கட்டுவதற்கு முந்தைய ஒரு மாதம்

முட்டைக்கான சத்தை முட்டை வந்த பிறகு கொடுத்துப் பயனில்லை. ஐப்பசிக் கடைசியிலேயே தொடங்க வேண்டும்.

தினையோடு கம்பு, சாமை, குதிரைவாலி கலந்து கொடுக்கலாம். வீட்டில் சிறுதானியம் விளைபவர்களுக்குக் கடைத் தீனியே தேவையில்லை. மருந்து அடிக்காததாக இருந்தால் போதும். முளைகட்டிய பச்சைப்பயறு அல்லது கம்பு வாரம் மூன்று நாள். முருங்கைக்கீரை, கொத்தமல்லி தினமும் ஒரு கொத்து. பாலக்கீரையைத் தினமும் கொடுக்க வேண்டாம். அதில் உள்ள ஒரு பொருள் சுண்ணாம்புச் சத்து உடம்பில் சேராமல் தடுக்கும். அவித்த கோழி முட்டையை மசித்து, வாரம் இரண்டு முறை, ஒரு ஜோடிக்கு ஒரு தேக்கரண்டி கொடுக்கலாம். இரண்டு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் கெட்டு வயிற்றுப்போக்கு வரும்.

சுண்ணாம்புச் சத்துக்குக் கடல்நுரையே போதும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். காசிமேட்டில் கணவாய் மீன் வெட்டுபவர்களிடம் கேட்டு வாங்கினால், நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்து உப்பைப் போக்கி, வெயிலில் காயவைத்து, மெதுவான பக்கம் உள்ளே தெரியும்படி கூண்டில் கட்டலாம். அவித்துக் காயவைத்துப் பொடித்த கோழி முட்டை ஓடும் ஆகும்.

இந்தச் சத்து உடம்பில் சேர வெயில் வேண்டும். காலை வெயிலில் அரை மணி நேரம் கூண்டு இருந்தால் போதும். கூண்டின் பாதியில் நிழல் இருக்க வேண்டும். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயில் இதற்கு உதவாது.

"ஐந்து முட்டையில் மூன்று கூமுட்டை. என்ன குறை?"

அம்பத்தூர் கள்ளிக்குப்பத்திலிருந்து வந்திருக்கும் கேள்வி இது.

முதலில் உட்காரும் குச்சியைப் பார்க்க வேண்டும். இணையும்போது குச்சி ஆடினால் கரு கூடாது. கொய்யா அல்லது வேம்புக் குச்சியை, கட்டைவிரலைவிடச் சற்று மெலிதாக வெட்டி, இரண்டு பக்கமும் அசையாமல் இறுக்கிக் கட்ட வேண்டும். பிளாஸ்டிக் குச்சி வழுக்கும்.

இரண்டாவது, ஜோடி உண்மையில் ஜோடிதானா? அலகுக்கு மேலே மூக்குத் துளை உள்ள சதை, வளர்ந்த ஆணுக்கு நீலம், பெண்ணுக்கு வெளிர்ப்பழுப்பு அல்லது பழுப்பு. முழு மஞ்சள், முழு வெள்ளைப் பறவைகளில் ஆணுக்கு அது இளஞ்சிவப்பாகவே இருக்கும். அவற்றில்தான் இரண்டு பெண்களை ஜோடி என்று வாங்கிவிடுவது அதிகம். இரண்டு பெண்கள் சேர்ந்தால் எட்டு, பத்து என்று முட்டை குவியும், ஒன்றும் பொரிக்காது.

கரு பிடித்ததா என்று பார்க்க, முதல் முட்டை இட்ட ஏழாம் நாளுக்குமேல், பெட்டை தீனிக்கு வெளியே வரும்போது, செல்போன் டார்ச்சை முட்டைக்குப் பின்னால் காட்டினால் போதும். சிவப்பு நரம்புகள் தெரிந்தால் கரு உண்டு. கூமுட்டை என்றாலும் உடனே எடுத்துவிட வேண்டாம். நாட்டுக்கோழியின் முட்டையைத் தினமும் எடுத்தால் அடைக்கு உட்காராமல் இட்டுக்கொண்டே போகும் அல்லவா? இதுவும் அப்படித்தான். பெட்டை தானாக அடையை விட்டு எழும் வரை விட்டுவைத்து, பிறகு எடுக்க வேண்டும்.

பல ஜோடிகளை ஒரே பெரிய கூண்டில் வைத்திருந்தால், பானைகள் ஜோடிகளைவிட அதிகமாகவும் எல்லாம் ஒரே உயரத்திலும் இருக்க வேண்டும். உயரமான பானைக்குச் சண்டை வரும், முட்டை உடையும். ஜோடியில்லாத பெட்டை ஒன்றுகூட அந்தக் கூண்டில் இருக்கக் கூடாது. அது பிறர் பானையில் புகுந்து குஞ்சைக் கொத்திவிடும்.

"குஞ்சுக்கு இரண்டு காலும் பக்கவாட்டில் விரிந்துவிட்டது"

திருநின்றவூர் வாசகரின் மரப்பெட்டியில் வளர்ந்த குஞ்சு இது. பெட்டியின் அடிப்பலகை தட்டையாகவும் வழவழப்பாகவும் இருந்தால் குஞ்சின் கால் பிடிப்பில்லாமல் விரியும். பெட்டியின் அடியில் நடுவில் குழிவாகக் குடைந்து, மருந்து பூசாத மரத்தின் சீவல் இரண்டு விரல் கனம் போட வேண்டும். பொடி மரத்தூள் கண்ணிலும் மூக்கிலும் அடைக்கும். மண் பானைக்கு இயல்பாகவே குழிவு உண்டு. ஆனாலும் எச்சத்தில் ஈரமாகி வழுக்கினால் அதே தொல்லைதான்.

இரண்டு வாரத்துக்குள் கவனித்துவிட்டால், கால்களைச் சரியான அகலத்தில் வைத்து மெல்லிய மருத்துவ டேப்பால் இணைத்துவிட்டுச் சரிப்படுத்த முடியும். முதல் முறை மருத்துவர் கையால் செய்வதைப் பார்த்துக்கொள்வது நல்லது. எலும்பு முற்றிய பிறகு திரும்பாது.

ஒவ்வொரு அடை முடிந்ததும் பானையை வெந்நீரில் கழுவி மூன்று நாள் வெயிலில் காயவைக்க வேண்டும். இடுக்கில் உண்ணி தெரிந்தால் அந்தப் பானையை உடைத்துப் போட்டுவிடலாம். புதுப் பானை விலை ஒரு குஞ்சின் விலையைவிடக் குறைவுதான். சுத்தம் செய்யும்போது எச்சத் தூசி மூக்கில் ஏறாமல் துணி கட்டிக்கொண்டு, லேசாகத் தண்ணீர் தெளித்த பிறகு சுரண்ட வேண்டும். கிளி இனப் பறவைகளின் எச்சத் தூசியிலிருந்து மனிதருக்குக் காய்ச்சல் வரும் நோய் ஒன்று உண்டு. கர்ப்பிணிகள் இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

"ஆணே இல்லை, ஆனால் முட்டை இடுகிறது"

பூந்தமல்லி வாசகியின் வீட்டில் ஒற்றைக் காக்டெயில். வரவேற்பறையில் டிவி பக்கத்தில் கூண்டு. செருப்பு அலமாரிக்குள் புகுந்து இதுவரை ஒன்பது முட்டை இட்டிருக்கிறது.

கோழிக்குச் சேவல் இல்லாமலே முட்டை வருவது போலத்தான் இதுவும். ஆனால் இந்தப் பறவைக்கு அது ஆபத்து. இரவு பதினொரு மணி வரை டிவி வெளிச்சத்தில் இருக்கும் பறவைக்கு நாள் நீண்டுகொண்டே போகிறது. நீண்ட பகல் முட்டைக்கான அழைப்பு. மாலை ஆறரை மணிக்குக் கூண்டை அமைதியான அறைக்கு மாற்றித் துணி போர்த்தி, பன்னிரண்டு முதல் பதினான்கு மணி நேரம் இருட்டு கொடுக்க வேண்டும். அலமாரி, கட்டிலடி போன்ற இருட்டு இடங்களை அடைத்துவிட வேண்டும். முதுகையும் வாலடியையும் தடவிக் கொடுப்பதை நிறுத்த வேண்டும். பறவைக்கு அது ஜோடியின் தொடுகை. இட்ட முட்டைகளை எடுத்துவிடாமல், மூன்று வாரம் அதனிடமே விட்டால் சலித்து எழுந்துவிடும். அதன் பிறகும் தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுவதே நல்லது.

நாள் கணக்கு

- பட்ஜீஸ்: ஒருநாள் விட்டு ஒருநாள் 4 முதல் 6 முட்டை, 18 நாளில் பொரிக்கும், 30 முதல் 35 நாளில் குஞ்சு வெளியே வரும்.
- காக்டெயில்: 4 முதல் 6 முட்டை; 18 முதல் 21 நாள்; ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும்.
- ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ்: 4 முதல் 6 முட்டை, 21 முதல் 23 நாள், கூடு கட்டப் பச்சைத் தென்னோலைக் கீற்று கொடுக்க வேண்டும்.
- ஜீப்ரா பிஞ்சஸ்: 4 முதல் 6 முட்டை, 12 முதல் 14 நாள், விட்டால் இடைவெளியே இல்லாமல் இடும் என்பதால் கூட்டை முதலில் இறக்க வேண்டியது இவற்றுக்குத்தான்.

"பச்சைக்கிளியையும் ஜோடி சேர்த்துக் குஞ்சு எடுக்கலாமா?"

திருமழிசை வாசகர் கேட்டதற்குப் பதில், கூடாது. பச்சைக்கிளி, சில்லை போன்ற நம் காட்டுப் பறவைகளை வளர்ப்பதும் விற்பதும் வாங்குவதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

பட்ஜீஸ், காக்டெயில் ஆகியவற்றுக்கு அந்தத் தடை இல்லை. ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸில் கவனம் தேவை. பீச் ஃபேஸ் வகை தவிர, ஃபிஷர் போன்ற மற்ற வகைகளும், ஜாவா குருவியும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளன. இப்படிப்பட்டவற்றை வைத்திருப்பவர்கள் 2024-ல் வந்த விதிகளின்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். குஞ்சு பொரித்தாலும் தெரிவிக்க வேண்டும். விற்பனைக்காகப் பறவை வைத்திருக்கும் இடங்கள், 2018-ஆம் ஆண்டு செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு பெற வேண்டும்.

பயிற்சி தேடுபவர்கள் மாதவரத்தில் உள்ள தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் விசாரிக்கலாம். காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போக நினைப்பவர்கள், அது பூந்தமல்லி பக்கத்துக் காட்டுப்பாக்கத்தில் இல்லை, ஜி.எஸ்.டி. சாலையில் பொத்தேரி அருகே இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு கிளம்பினால் அலைச்சல் மிச்சம்.

கடைசியாக, எல்லோருக்கும் பொதுவான ஒரு யோசனை. கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு நாட்காட்டி மாட்டி, பானை கட்டிய நாள், முதல் முட்டை, கடைசி முட்டை, பொரித்த நாள், பானை இறக்கிய நாள் என்று ஐந்தையும் குறித்து வைக்க வேண்டும். எழுதிவைத்தால் எந்தப் பெட்டை எத்தனை அடை போயிருக்கிறது என்பதில் யாரும் வாதாட வேண்டியிருக்காது. அந்த வேலைக்கு வீட்டுப் பிள்ளைகளே போதும்.